செக்கிங் அக்காவின் கப்பல் சாப்பாடு

எங்கள் ஷூ கம்பெனி லிஃப்டில் ‘நான்கு பேர் மட்டும்’ என்று ஒரு தகடு உண்டு. அதை மதித்த ஒரே ஆள் செக்கிங் அக்காதான். உள்ளே நாலு பேர் நின்றால், நாலு பேரும் நோஞ்சான்களாக இருந்தாலும், அவர் ஏற மாட்டார். “வாக்கா, எடம் இருக்குது” என்று உள்ளேயிருந்து கூப்பிடுவார்கள். “எடம் இருக்குது, எழுத்துல இல்லியே” என்பார். கதவு மூடிக்கொள்ளும். அவர் படியேறி மூன்றாவது மாடி கேண்டீனுக்கு வந்து சேர்வதற்குள் நாங்கள் பாதி டீ குடித்திருப்போம்.

ஆம்பூரில் எங்கள் கம்பெனியில், தைத்து முடித்த ஷூக்களைப் பெட்டியில் போடுமுன் கடைசியாகப் பார்க்கிற மேஜை அவருடையது. எல்லோருக்கும் அவர் செக்கிங் அக்கா. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், ஒடுகத்தூர்ப் பக்கம் ஊர். கணவர் லாரி ஓட்டப் போனவர், போனவர்தான். அதைப் பற்றி அவரும் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை. ஒரே மகள். மேஜையின் மேலே ஒரு டியூப் லைட் தொங்கும். மேஜையில் ஒரு ஸ்டீல் ஸ்கேலும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒரு சுருளும் இருக்கும். தப்பு எங்கேயோ அங்கே அம்பை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். திட்டுவது கிடையாது. சண்டைக்கு வருகிறவர்களுக்கு ஒரே பதில்தான்: “ஷீட்ல இன்னா இருக்குதோ அதான்.”

அந்த ஷீட்டை எழுதுகிறவன் நான். வெளிநாட்டு வியாபாரிகள் ஷூ எப்படி இருக்க வேண்டும் என்று மெயிலில் எழுதி அனுப்புவார்கள். அதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் கொடுப்பது என் வேலை. எனக்குத் தெரிந்து, கொடுத்த தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தவர் அக்கா மட்டும்தான். என் கையெழுத்து வரைக்கும் படிப்பார்.

கேண்டீனில் ‘ஒருவருக்கு ஒரு முட்டை’ என்று எழுதிப் போட்டிருக்கும். பரிமாறுகிறவன் ஒருநாள் கைதவறி அவர் தட்டில் இரண்டு முட்டை வைத்துவிட்டான். சாப்பிட உட்கார்ந்தவர் எழுந்து, வரிசையைப் பிளந்துகொண்டு போய், ஒரு முட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அன்று மதியம் முழுக்க முட்டைக் கதைதான். மகள் படித்த பள்ளிக்கூடத்தில் ரெட்டை ஜடை, கறுப்பு ரிப்பன் என்று டைரியில் எழுதியிருந்தார்களாம். மற்றப் பெண்கள் ஒன்பதாவது வந்ததும் ஒற்றைப் பின்னலுக்கு மாறினார்கள். டீச்சர்களும் கண்டுகொள்ளவில்லை. அக்காவின் மகள் மட்டும் பிளஸ் ஒன்னிலும் ரெட்டை ஜடையோடு போய்க்கொண்டிருந்தாள். சிரிக்கிறோம், ஆனால் இப்படிப்பட்ட ஒருவர் இருப்பதால்தான் எங்கள் பெட்டிகள் வெளிநாட்டிலிருந்து திரும்பி வராமல் இருந்தன என்பதும் எங்களுக்குத் தெரியும்.

இப்போது எங்கள் ஆபீஸ் ரகசியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இடது கால் ஷூவுக்கும் வலது கால் ஷூவுக்கும் பின்பக்க உயரத்தில் மூன்று மில்லிமீட்டர் வரை வித்தியாசம் இருக்கலாம் என்று வியாபாரி எழுதுவார். நான் ஷீட்டில் இரண்டு என்று எழுதுவேன். மூன்று என்று எழுதினால் கீழே நாலாகிவிடும். இரண்டு என்று எழுதினால் இரண்டரையில் நிற்கும், எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவரும் அப்படித்தான் எழுதினார். ஆபீஸ் இறுக்கும், கீழே தளர்த்துவார்கள், நடுவில் சரியான அளவு தானாக வந்துவிடும். நிஜ அளவு ஆபீஸைத் தாண்டாது, ஆனாலும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே தளர்த்த எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கு மட்டும் தெரியாது. அவர் தளர்த்தத் தெரியாதவர்.

ஒருமுறை அனுப்ப வேண்டிய நாளன்று இருநூற்று நாற்பது ஜோடியை நிறுத்தி வைத்துவிட்டார். எல்லாம் இரண்டரை. முதலாளியின் மகன், நாங்கள் சின்ன பாய் என்போம், கீழே ஓடி வந்து கத்தினார். “இன்னாம்மா இது, அரை எம்எம்முக்கு இவ்ளோ பேஜாரா?” அக்கா பயப்படவில்லை. ஷீட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். “சார், மாத்தி எழுதிக் குடுங்க. இப்பவே பாஸ் பண்ணிடறேன்.”

நான் மாற்றி எழுதியிருக்கலாம். எழுதினால் நிஜ அளவு என்னவென்று கீழே எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் சின்ன பாயைப் பார்த்து, “அவங்க சொல்றதுதான் கரெக்ட் பாய். ஷீட்ல அப்படித்தான் எழுதியிருக்கேன்” என்றேன். அத்தனை ஜோடியையும் பிரித்துச் சரிசெய்தார்கள். சரக்கு ஒருநாள் தாமதமாகப் போனது. நான் என்னைக் காப்பாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான். அக்கா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டுவிட்டார். முதலாளி முன்னாலேயே ஒரு தொழிலாளிக்காகப் பேசின மனுஷன் என்று என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டு திரிந்தார். “சார் கைல வந்தா தப்பா வராது” என்று புதிதாக வந்த பெண்களிடம் என் காதுபடவே சொன்னார். திருடனுக்குத் தேள் கொட்டினது போல நான் நின்றிருந்தேன்.

அந்த வருஷம் பெரிய ஆர்டர் ஒன்றை நல்லபடி முடித்தோம். சின்ன பாய்க்கு வெளிநாட்டில் படித்த மூளை. ஒவ்வொரு செக்‌ஷனிலும் நன்றாக வேலை செய்த ஒருவர், கூட வீட்டு ஆள் ஒருவர், எல்லோரையும் கப்பலில் கூட்டிக்கொண்டு போவோம் என்றார். சென்னையில் ஏறி, நடுக்கடலில் சுற்றிவிட்டு, மூன்று ராத்திரி கழித்து அதே சென்னையில் இறங்குகிற உல்லாசக் கப்பல். வியாபாரியின் ஆட்கள் இரண்டு பேரும் வருவதாக ஏற்பாடு. அக்காவின் பெயர் முதலில் வந்தது. கூட வருவது மகள்.

“நம்ம ஆளுங்க ஷிப்ல மானத்தை வாங்கிடப் போறாங்கப்பா” என்றார் சின்ன பாய். “டின்னருக்கு இன்னா டிரஸ்னு ஒரு ஷீட் போட்டுக் குடு. கொஞ்சம் டைட்டாவே போடு.”

கப்பல்காரர்கள் அனுப்பிய தாளில் இருந்தது ரொம்ப சாதாரணம். சாயங்காலச் சாப்பாட்டுக்குச் சுத்தமான உடை வேண்டும். கிழியாத ஜீன்ஸ், கை வைத்த டி-ஷர்ட், கேன்வாஸ் ஷூ எல்லாம் போடலாம். நீச்சலுடை, கையில்லாத பனியன், ரப்பர் செருப்பு மட்டும் வேண்டாம். ஒருநாள் விசேஷ விருந்து, அன்றைக்கு விருப்பப்பட்டவர்கள் பளிச்சென்று வரலாம். பதின்வயதுப் பிள்ளைகளைப் பற்றித் தனியாகவே ஒரு வரி இருந்தது. அவர்கள் தங்களுக்கு வசதியானதைப் போட்டுக்கொள்ளட்டும், பார்க்க நேர்த்தியாக இருந்தால் போதும் என்று. மேல்தளத்தில் எடுத்துப் போட்டுச் சாப்பிடும் இடத்துக்கு இந்த விதிகூடக் கிடையாது.

அதைப் படித்துவிட்டு நான் எழுதியது இது: ஆண்களுக்கு ஃபுல் பேண்ட், முழுக்கை சட்டை, தோல் ஷூ. பெண்களுக்குப் பட்டுப்புடவை, அல்லது துப்பட்டாவோடு சல்வார். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் இதுவே. ஜீன்ஸ், டி-ஷர்ட், கேன்வாஸ் ஷூ கூடாது. எல்லோரும் கீழ் ஹாலில்தான் சாப்பிட வேண்டும், மேல்தளத்துக்குப் போகக் கூடாது. கீழே என் கையெழுத்து. சின்ன பாய் கொஞ்சம் என்றார், நான் ஜாஸ்தியாகவே இறுக்கினேன். கை பழகிவிட்டது. எப்படியும் கீழே தளர்த்திக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

அதையும் நேரத்தோடு கொடுத்தேனா? இல்லை. மறந்துபோய், கிளம்புகிற அன்றைக்குக் காலையில் பிரிண்ட் எடுத்து, வாலாஜா தாண்டி டீக்கு நிறுத்தின இடத்தில் பஸ்ஸுக்குள் ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். முன்சீட்டுக்காரர் அதைப் படிக்காமலே மடித்து பஜ்ஜி எண்ணெயைத் துடைத்துக்கொண்டார். அவர் போட்டிருந்தது ஜீன்ஸ். அவரை எனக்குப் பிடித்திருந்தது. அப்படித்தானே இருக்க வேண்டும்!

அக்கா படித்தார். பக்கத்தில் மகள். ரெட்டை ஜடையை அவிழ்த்துக் குதிரைவால் போட்டிருந்தாள். மெரூன் டி-ஷர்ட், நீல ஜீன்ஸ், வெள்ளை கேன்வாஸ் ஷூ, எல்லாம் புதிது. பதினாறு வயசுக்கே உண்டான ஒரு மினுக்கல் முகத்தில்.

“சார்” என்றார் அக்கா. “பொண்ணுக்கு ஜீன்ஸும் டி-ஷர்ட்டும்தான் எடுத்துட்டு வந்திருக்கோம். கப்பலுக்குன்னே வேலூர் போய் வாங்குனோம். சாயங்காலம் இன்னா பண்றது?”

“சமாளிச்சுக்கலாம்கா.”

“சமாளிச்சுக்கலாம்னு இதுல போடலியே.”

“நீங்க வேற. பாத்துக்கலாம் விடுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனேன்.

முதல் நாள் சாயங்காலம் ஹாலுக்குப் போனால் எனக்கே சிரிப்பு வந்தது. பாதிப் பேர் ஜீன்ஸ். வடக்கிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் கார்ட்டூன் படம் போட்ட டி-ஷர்ட்டில் உட்கார்ந்து நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டிருந்தான். வாசலில் நின்ற பணியாள் அவனுக்கு வணக்கம் வைத்துத்தான் உள்ளே அனுப்பினான். எங்கள் ஆட்களிலும் ஆறேழு பேர் ஜீன்ஸ்தான். மேஜையில் இரண்டு நாற்காலி மட்டும் காலி.

“ஷீட் நல்லா வேலை செஞ்சிருக்குது, எல்லாரும் டீசண்டா வந்திருக்காங்க” என்று சின்ன பாய் என் முதுகில் தட்டினார். பிறகு காலி நாற்காலியைப் பார்த்து, “செக்கிங் அக்கா எங்க?” என்றார்.

“கடல் ஒத்துக்கல போல இருக்குது பாய்” என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அந்தச் சோறு அன்று எனக்கு வெள்ளித் தட்டில் வந்தது.

மறுநாள் சாயங்காலம் அவர்கள் அறைக் கதவைத் தட்டினேன். அக்கா பட்டுப்புடவை கட்டி, தலைவாரி, பவுடர் போட்டு நின்றிருந்தார். முதல் நாளும் இப்படித்தான் தயாராகி உட்கார்ந்திருப்பார் என்று அப்போது உறைத்தது. அவர் மட்டும் வந்திருக்கலாம். மகளை விட்டுவிட்டு வரவில்லை. மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சின்ன மேஜையில் டீ கப்புகளும் பிஸ்கட் உறைகளும் கிடந்தன.

“வாங்க சார். டீ போடட்டா? இங்கியே கெட்டில் வெச்சிருக்காங்க.”

“சாப்பிட வாங்கக்கா. எல்லாரும் ஜீன்ஸ்லதான் வர்றாங்க.”

“அவங்க வரட்டும் சார். நமக்குக் கூடாதுன்னு இருக்குதே.”

“இன்னிக்கி ரூலை லூசாக்கிட்டாங்கக்கா” என்றேன். இது அடுத்த பொய்.

அக்கா முகம் மலர்ந்துவிட்டது. “அப்படியா சார்? அப்ப மாத்தி எழுதிக் குடுங்க. இதோ போட்டுகினு வந்துடறோம்.” பையிலிருந்து நான்காக மடித்த ஷீட்டை எடுத்து நீட்டினார். மகள் எழுந்து உட்கார்ந்தாள்.

பேனா என் சட்டைப் பையில் இருந்தது. ‘ஜீன்ஸ், டி-ஷர்ட் போடலாம்’ என்று ஒரு வரி. எழுத எத்தனை நேரம் ஆகும்? ஆனால் அந்தத் தாளை அக்கா கீழே சின்ன பாயிடம் நிச்சயம் காட்டுவார், சார் மாத்திக் குடுத்துட்டாரு என்று. ரூல் எப்போது மாறியது என்று அவர் கேட்பார். வியாபாரியின் ஆட்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். உடை ஷீட்டில் இறுக்கினவன் ஷூ ஷீட்டில் இறுக்க மாட்டானா என்று எங்கள் ஆட்கள் யோசிக்க ஆரம்பிப்பார்கள். என் குட்டு வெளிப்பட்டுவிடும். பத்து வருஷ நாற்காலி அது.

“கீழ கேட்டுட்டு வந்து எழுதித் தர்றேன்கா” என்றேன். நான் திரும்பி நடக்கும்போது அந்தப் பெண் கட்டிலுக்கு அடியிலிருந்து ஷூவை இழுக்கிற சத்தம் கேட்டது.

நான் திரும்பிப் போகவில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். இறங்கியது. இரண்டு குலாப் ஜாமூன் சாப்பிட்டேன். மூன்றாம் நாளும் அந்த இரண்டு நாற்காலிகள் காலியாகவே இருந்தன. நான் அவற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன்.

இறங்குகிற அன்று காலையில் மகள் என்னைப் பார்க்காமல் போனாள். அக்கா நின்றார். “கேக்க மறந்துட்டீங்களா சார்? பரவால்ல, உங்களுக்கும் ஆயிரம் வேலை” என்றார். பிறகு, “சாப்பாடெல்லாம் நல்லா இருந்துதா?” என்று கேட்டார். குத்திக் காட்டத் தெரியாத மனுஷி. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே வந்தார்.

கம்பெனியில் அவருக்கு ‘பிஸ்கட் அக்கா’ என்று புதுப் பெயர் வந்தது. கப்பலில் போய் பிஸ்கட் தின்றுவிட்டு வந்தவள் என்று சிரித்தார்கள். அதற்கும் அவர், “ஷீட்ல இருந்தது” என்றுதான் சொன்னார். அந்தச் சிரிப்பை ஒரு வார்த்தையில் நிறுத்தியிருக்க முடிந்தவன் நான் ஒருவன்தான். நானும் சிரித்திருக்கிறேன். இரண்டு வருஷம் கழித்து அக்கா, தன் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார். போகும்போது நான் எழுதிக் கொடுத்த ஷீட் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கிக் கட்டி என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அவருக்குப் பிறகு அந்த மேஜைக்கு மூன்று பேர் மாறிவிட்டார்கள். மூன்று பேருக்கும் தளர்த்தத் தெரியும். எனக்குச் சௌகரியமாக இருக்க வேண்டும், ஆனால் இல்லை. ஒவ்வொரு ஷீட்டிலும் கையெழுத்துப் போடும்போது கை ஒரு நொடி நிற்கிறது.

போன மாதம் வேலூர் சத்துவாச்சாரி பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண், “அங்கிள், நல்லா இருக்கீங்களா?” என்றாள். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை, போட்டிருந்தது ஜீன்ஸ். அக்காவின் மகள். அம்மா ஊரில் நிலக்கடலை போட்டிருக்கிறார் என்றாள், உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றாள். பஸ் வரக் காணோம். பேச்சு நின்ற இடத்தில் நான் தாங்க மாட்டாமல் சொல்லிவிட்டேன்.

“கப்பல்ல அன்னிக்கி… அந்த ரூல் கப்பல்காரங்க போட்டது இல்லம்மா. நான் எழுதுனது.”

“தெரியும் அங்கிள்” என்றாள் சாதாரணமாக. “முதல் நாளே தெரியும். ரூம் கதவுக்குப் பின்னாடி இங்கிலீஷ்ல ஒட்டியிருந்துச்சு. எங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டுனேன். ஜீன்ஸ் போடலாம்னு இருக்குதும்மான்னு.”

“அம்மா இன்னா சொன்னாங்க?”

“உனக்கு ஜீன்ஸ் போட ஆசை, அதனால அப்படிப் படிக்கற. சாருக்கு இன்னா ஆசை, பொய் எழுத? அப்படின்னாங்க.”

நான் பஸ் வருகிற திசையைப் பார்த்தேன்.

“அதுக்கப்புறம் எங்கம்மாவுக்கு நான் எதையும் படிச்சுக் காட்டறதில்ல அங்கிள்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பழகிப்போன ஒன்றைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

“இப்ப நான் சொல்லட்டுமாம்மா, அவங்ககிட்ட?”

அவள் தன் போனிலேயே அம்மாவைக் கூப்பிட்டு என்னிடம் கொடுத்தாள். “சார்!” என்று அந்தப் பக்கம் அத்தனை சந்தோஷம். நலம் விசாரிக்க விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தது நிஜம், உங்கள் மகள் படித்தது சரி, நான் எழுதியது பொய், கேட்டு வருகிறேன் என்று சொன்னதும் பொய் என்றேன். அக்கா, “பொண்ணு பக்கத்துல இருக்குதா சார்? குடுங்க” என்றார்.

அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நின்றாள். வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். “விடும்மா” என்றாள். “நான் ஒண்ணும் நெனைக்கலம்மா. அழாத. எதுக்கு நீ போய் மன்னிப்புக் கேக்கற?” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைப் பையில் போட்டாள். என்னிடம் பேச வேண்டும் என்று அக்கா சொல்லவில்லை போலிருக்கிறது.

பஸ் வந்துவிட்டது. படியில் காலை வைத்தவள் திரும்பி, “அங்கிள், இதை வெளிய யார்கிட்டயும் சொல்லாதன்னாங்க அம்மா. கம்பெனில உங்க பேரு கெட்டுப்போயிடுமாம்” என்றாள்.

அவர் சொல்ல மாட்டார். மகளும் சொல்ல மாட்டாள். அதனால் நானே எழுதிவிட்டேன்.